இத்தா அறையில் ஒரு கதாநாயகி

றம்லா விதவையானபோது அவளுக்கு வயது பத்தொன்பது. கணவன் என்று சொல்லப்பட்ட மனிதனின் பின்கழுத்தை மட்டும் அவள் பார்த்திருந்தாள்.

அதுவும் தற்செயலாகத்தான். காவின் என்ற கலியாணப் பதிவை எழுதிய அன்று மாப்பிள்ளையும் பதிவுகாரரும் பெரியவர்களும் முன்விறாந்தையில் இருந்தார்கள். உள்ளே பெண்களுக்கு நடுவில் இருந்தவளுக்கு, காற்றில் திரைச்சீலை விலகிய நேரத்தில், எண்ணெய் வைத்து வாரிய ஒரு தலையும் வெயிலில் கறுத்த ஒரு கழுத்தும் தெரிந்தன. கழுத்தில் இடது பக்கமாக ஒரு மரு. மீராசா என்ற அந்த மனிதன் திரும்பிப் பார்க்கவில்லை. மரியாதையான பிள்ளை என்று ஊர் அவனைப் பற்றிச் சொன்னதற்கு அந்தக் கழுத்துத்தான் அவளிடம் இருந்த ஒரே ஆதாரம்.

காவின் எழுதினால் சட்டப்படி கலியாணம் முடிந்த மாதிரி. ஆனால் கல்முனைக்குத் தெற்கே இந்தக் கரையோரத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். குடிவருவதற்கு ஒரு கல்வீடு வேண்டும். அதைப் பெண்ணைப் பெற்றவன் கட்டிக் கொடுக்க வேண்டும். பெண் பிறந்த செய்தி காதில் விழுந்ததுமே தகப்பன் மனதுக்குள் அத்திவாரம் வெட்டத் தொடங்கிவிடுவான். றம்லாவின் வாப்பா அப்துல் ஸமட் சாகாமம் என்ற ஊரில் இருந்த வயலில் பாதியை விற்றுச் சுவர்களை எழுப்பினார். ஓர் அறைக்குக் கூரையும் போட்டார். மற்ற அறைகளுக்கு வானம்தான் கூரை. மிச்ச வயலையும் விற்பதா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது மீராசா ஆள் அனுப்பிச் சொன்னான்: "மாமா வயலை விக்க வேணாம். நான் சவுதிக்குப் போய் ரெண்டு வருசம் உழைச்சிட்டு வாறன். கூரையை நான் போடுறன்."

ஊரே அவனை மெச்சியது. ஒரு பெண்ணோடு வாழ்வதற்கு முன் ஒருவன் ஏன் அரபு நாட்டில் கல் சுமக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வழக்கம் என்று பதில் வந்திருக்கும். வழக்கம் என்பது இந்த ஊரில் கேள்வி கேட்பவனின் வாயை அடைக்க வைத்திருக்கும் தேங்காய்ப் பொச்சு.

எண்பத்திரண்டாம் ஆண்டு, நோன்புக்கு இரண்டு கிழமை இருக்கும்போது செய்தி வந்தது. கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தின் ஐந்தாம் மாடியில், மீராசா நின்ற சாரப் பலகை முறிந்துவிட்டது. அங்கேயே அடக்கிவிட்டார்கள். லீவில் வந்த நிந்தவூர்க்காரன் ஒருவன் நேரில் வந்து சொல்லிவிட்டு, கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து போனான்.

செய்தி வந்த நேரம் றம்லா புட்டுத் தின்றுகொண்டிருந்தாள். உம்மா சபியா பெருங்குரலெடுத்து அழுதாள். சின்னம்மா முறையான சாச்சி ஹாஜறா ஓடிவந்து றம்லாவைக் கட்டிக்கொண்டாள். பக்கத்து வளவுப் பெண்களெல்லாம் வந்து அவள் முகத்தையே பார்த்தார்கள். மயங்கி விழுவாள் என்று ஒருத்தி தண்ணீர்ச் செம்போடு தயாராக நின்றாள். றம்லா விழவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளுக்கு மறுபடியும் பசித்தது. பாதியில் விட்ட புட்டு ஞாபகத்துக்கு வந்தது. அப்படி ஞாபகம் வந்ததற்காகத் தன்மேலேயே அவளுக்குப் பயமும் வந்தது.

காரணம், அவள் உயர்தர வகுப்பில் தமிழ் இலக்கியம் படிக்கிற மாணவி. ஆகஸ்டில் பரீட்சை. இரண்டு வருடமாக அவள் படித்த காவியங்களில் புருஷன் செத்தான் என்று கேட்ட எந்தப் பெண்ணும் புட்டை நினைக்கவில்லை. கேட்ட மாத்திரத்தில் உயிரை விட்டார்கள், அல்லது தீ மூட்டச் சொன்னார்கள், அல்லது குறைந்தபட்சம் கூந்தலை அவிழ்த்துக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். பசித்தவள் ஒருத்தியும் இல்லை.

இலக்கியம் படிப்பித்த மீனாம்பிகை டீச்சர் காரைதீவிலிருந்து பஸ்ஸில் வருபவர். சோகக் கட்டங்களைப் படிப்பிக்கும்போது டீச்சருக்கே கண் கலங்கும். சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு வரைவிலக்கணம் சொல்லுவார்: "அவலம் எண்டா என்ன? உயரத்தில இரிக்கிற ஒருவன் தன்ட பிழையால கீழ விழுறது. எழுதிக்கொள்ளுங்க."

ஒருநாள் றம்லா கேட்டாள்: "கீழயே இரிக்கிறவன் விழுந்தா, டீச்சர்?"

"அவனுக்கு விழ இடமில்லையே, புள்ள."

வகுப்பு சிரித்தது. றம்லாவும் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டாள். இப்போது இத்தா அறையில் இருந்துகொண்டு அவள் அதையே திரும்பத் திரும்ப யோசித்தாள். ஐந்தாம் மாடி போதுமான உயரமா? பலகையை யாரோ மலிவாக வாங்கிப் போட்டது மீராசாவின் பிழையில் சேருமா?

இத்தா என்பது புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய காலம். நாலு மாதமும் பத்து நாளும். காவின் எழுதினால் போதும், சேர்ந்து வாழாவிட்டாலும் இத்தா உண்டு. மார்க்கம் சொன்னது சிறிது. அதன்மேல் ஊர்ப் பெண்கள் கட்டியது பெரிது. புதுவீட்டில் கூரை போட்டிருந்த அந்த ஒரே அறையில், அதாவது மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் என்று கட்டிய அறையில், றம்லாவை வைத்தார்கள். யன்னலுக்குச் சாக்குக் கட்டினார்கள். ஆண் குரல் கேட்கக் கூடாது என்று றேடியோவை எடுத்தார்கள். பிறகு பெண் அறிவிப்பாளர் வரும் நேரத்துக்கு மட்டும் சாச்சி அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இடையில் ஆண் யாராவது வாய் திறந்தால் பாய்ந்து அமத்துவாள். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி ஆறுதல் சொல்ல வந்தபோது, வயிற்றில் இருப்பது ஆணாக இருந்தால் என்ன செய்வது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

அவளுடைய பாடப் புத்தகத்தின் அட்டையில் புலவர் ஒருவரின் படம் இருந்தது. தாடி வைத்த ஆண். உம்மா அதற்குப் பத்திரிகைத் தாளில் உறை போட்டாள். அந்தத் தாளில் ஒரு மந்திரி பாலம் திறந்துவைத்துக்கொண்டிருந்தார்.

"இவரும் ஆம்புளதானே உம்மா?" என்று றம்லா கேட்டாள்.

உம்மா படத்தை உற்றுப் பார்த்தாள். "வோட்டுக் கேக்க வந்தாப் பிறகு இஞ்சால வராத மனிசன். இவரால ஒரு மோசமும் இல்ல," என்று முடிவு சொன்னாள்.

மீனாம்பிகை டீச்சர் ஒருநாள் பார்க்க வந்தார். வரும்போதே கண் சிவந்திருந்தது. றம்லாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கொண்டுவந்த குறிப்புகளை எடுத்து வைத்தார்.

"அவலச்சுவையில ஒரு கேள்வி கட்டாயம் வரும், புள்ள. மத்தப் பிள்ளைகளுக்கு அது பாடம். உனக்கு அனுபவம். நீ எழுதினா 'ஏ' தான்."

"எனக்கு அந்த அனுபவம் வரல்ல டீச்சர்."

"என்ன மனே செல்றாய்?"

"அழுகை வரல்ல."

டீச்சர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதிர்ச்சி," என்றார். "பெருந்துயரத்தில கண்ணீர் உறைஞ்சு போகும். அதையும் எழுதலாம்."

டீச்சர் நல்லவர்தான். துயரம் என்றால் அது செய்யுளில் எப்படி வருமோ அப்படித்தான் வர வேண்டும் என்று படித்து, அப்படியே படிப்பித்து, அப்படியே ஓய்வூதியமும் பெறப்போகிறவர். றம்லா தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாள். பரீட்சைக்குப் போக விடுவார்களா என்ற கேள்வி மட்டும் இருவருக்கும் நடுவில் கேட்கப்படாமல் கிடந்தது.

அது சின்னக் கேள்வி இல்லை. இந்தத் தடவை எழுதாவிட்டால் அடுத்த தடவை என்று ஆண் பிள்ளைக்குச் சொல்லலாம். விதவையான பெண்ணுக்கு அடுத்த தடவை என்பது இரண்டாம் தாரமாகக் கேட்டு வரும் ஏதோ ஒரு கடைக்காரர்தான். பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினால் ஓர் ஆசிரியை வேலைக்காவது வழி உண்டு. அந்தச் சாக்குக் கட்டிய அறையிலிருந்து வெளியே போக அவளுக்குத் தெரிந்த வாசல் அது ஒன்றுதான்.

இந்த இடத்தில்தான் இலக்கியம் கதைக்குள் வருகிறது.

ஷரிபுதீன் றம்லாவின் மாமி மகன். பகலில் கல்முனையில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞன். மாலையில் 'தீக்கடல்' என்ற பெயரில் புரட்சிக் கவிஞன். சீதனத்தை எதிர்த்து அவன் எழுதிய கவிதைக்குப் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசுப் பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் சீதன வீட்டின் முன்விறாந்தையில் மாட்டியிருந்தான். மீராசா உயிரோடு இருந்தபோது ஷரிபுதீன் அவனோடு இரண்டு வார்த்தை கதைத்ததில்லை. படிக்காதவன் என்ற எண்ணம். மௌத்தான பிறகு மீராசா அவனுக்கு ஆருயிர் நண்பனாகிவிட்டான். இலக்கிய வட்டம் நோன்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை அஞ்சலிக் கூட்டம் வைத்தது. நினைவு மலரும் போட்டார்கள். அதன் நடுப்பக்கத்தில் ஷரிபுதீனின் நீண்ட கவிதை, றம்லாவே பாடுவதாக.

கூட்டத்துக்கு ஒலிபெருக்கி கட்டினார்கள். ஒரு குழல் றம்லா வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. பின்னேரம் திடீரென்று ஷரிபுதீனின் குரல் சாக்கைக் கிழித்துக்கொண்டு இத்தா அறைக்குள் இறங்கியது:

"ஒளியே, இனி என் விழி தீண்டாதே!
நூலே, இனி என் விரல் தீண்டாதே!
அவன் மண்ணறையில் உறங்க
எனக்கு ஏன் மலர்ச்சோலை?
ஆண்டவன்மேல் ஆணை இது!
இருளே இனி என் வீடு!"

"ஆம்புளச் சத்தம் கா, ஆம்புளச் சத்தம்" என்று சாச்சி ஓடிவந்து யன்னலில் தலையணையைத் திணித்தாள். உம்மா றம்லாவின் காதைப் பொத்தினாள். பொத்திய கைகளுக்கு நடுவில் றம்லா தன்னுடைய ஆணையைக் கேட்டாள். மலர்ச்சோலை எது என்று யோசித்தாள். வளவில் இருந்தது ஒரு முருங்கை மரமும், அதைக் கடித்துக்கொண்டு நின்ற ஓர் ஆடும்.

அடுத்த நாள் மலர் வீட்டுக்கு வந்தது. அவள் அதை முன்னும் பின்னுமாக வாசித்தாள். மீராசா என்ற பெயர் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. தியாகச் சுடர் என்றிருந்தது, விதி பறித்த மலர் என்றிருந்தது, பாலைவனம் விழுங்கிய முத்து என்றிருந்தது. பலகை இல்லை. அதைப் போட்ட கம்பனியின் பெயர் இல்லை. இந்த ஊரில் ஒருவன் எதற்காகப் பாலைவனத்துக்குப் போனான் என்று இல்லை. அவனுக்கு என்ன கறி பிடிக்கும், சிரித்தால் எப்படி இருப்பான், எந்தக் கையால் எழுதுவான், ஒன்றும் இல்லை. அவன் கழுத்தில் ஒரு மரு இருந்தது என்று எழுத அந்த மலரில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அது தெரிந்தவள் தான் ஒருத்திதான் என்று நினைத்தபோது றம்லா அழுதாள். அடக்க முடியாமல், விக்கி விக்கி அழுதாள். அது காதல் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஒரு மனிதன் செத்துப்போனான் என்ற செய்தி அன்றைக்குத்தான் அவளுக்கு வந்து சேர்ந்திருந்தது.

பெண்கள் அதைக் கேட்டு ஆறுதல் அடைந்தார்கள். ஒருவழியாகப் பிள்ளை அழுதுவிட்டாள். கவிதையின் சக்தி என்று ஷரிபுதீனுக்குச் செய்தி போனது.

பெருநாள் கழிந்ததும் வாப்பா பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்மாரின் தலைவர் கச்சிமுகம்மது ஹாஜியாரிடம் போனார். பள்ளி மௌலவி ஏற்கனவே சொல்லியிருந்தார்: இத்தாவில் இருப்பவள் பகலில் தேவைக்குப் போய் வரலாம், பரீட்சையும் ஒரு தேவைதான் என்று. மௌலவி சொன்னதால் மட்டும் இந்த ஊரில் ஒன்று மார்க்கமாகிவிடாது. நெல் ஆலை வைத்திருக்கும் ஹாஜியாரும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

வாப்பா இருண்ட முகத்தோடு திரும்பி வந்தார்.

"என்ன செல்றாரு?" என்று உம்மா கேட்டாள்.

"இத்தா ஒரு பக்கம் கிடக்கட்டும், சத்தியம் என்ன கணக்கு எண்டு கேக்கிறாரு. மகள் அல்லாஹ்ட மேல ஆணையிட்டிருக்காளாம், வெளிச்சம் பாக்க மாட்டன், புத்தகம் தொட மாட்டன் எண்டு. அச்சில இரிக்காம். மலரைத் தூக்கிக் காட்டுறாரு. ஆணையிட்டதை முறிச்சிட்டுச் சோதினைக்குப் போனா ஊருக்கு மழை பெய்யாதாம்."

"அது ஷரிபுதீன்ட பாட்டு வாப்பா," என்றாள் றம்லா உள்ளேயிருந்து.

"செல்லிப் பாத்தன் மகள். மேல உன்ட பேர் கிடக்கே எண்டாரு."

உண்மைதான். கவிதையின் தலைப்புக்குக் கீழே 'றம்லாவின் குரல்' என்று போட்டிருந்தது. ஊரில் கவிதை வாசிக்கிறவர்கள் அதைப் பாராட்டினார்கள். கவிதை வாசிக்காதவர்கள் அதை நம்பினார்கள். மரைக்கார்மார் எல்லோரும் இரண்டாவது வகை.

அன்றிரவு அவள் தூங்கவில்லை என்று எழுதினால் ஷரிபுதீனின் கவிதை மாதிரி ஆகிவிடும். தூங்கினாள். காலையில் எழுந்து சாச்சியிடம் சொன்னாள்: "மச்சானை வரச் செல்லுங்க. நான் அவரோட கதைக்கணும்."

"இத்தாக்குள்ள மச்சான் முறைக்காரனோட என்னெண்டு புள்ள கதைக்கிற?"

"நீங்க நடுவில இரிங்க. நான் உங்களோடதான் கதைப்பன்."

ஹாஜறா சாச்சி ஊர் வழக்கம் எல்லாவற்றையும் காப்பாற்றுகிறவள். ஆனால் வேடிக்கை ஒன்றையும் தவறவிடாதவள். ஷரிபுதீன் வந்தான். புதுவீட்டின் கூரையில்லாத மண்டபத்தில் வெயிலில் ஒரு கதிரை போட்டு அவனை இருத்தினார்கள். அறை வாசலில் திரை. திரைக்கு இந்தப் பக்கம் சாச்சி, அந்தப் பக்கம் றம்லா.

"சாச்சி, மச்சான்ட கேளுங்க. நான் எப்ப சத்தியம் பண்ணின?"

சாச்சி திரும்பினாள். "எப்ப சத்தியம் பண்ணின எண்டு கேக்கிறாள்."

"எனக்குக் கேட்டிச்சு சாச்சி."

"உனக்குக் கேக்கப்படா. நான் செல்லித்தான் கேக்கணும்."

ஷரிபுதீன் தொண்டையைச் செருமினான். "நடந்த உண்மை வேற, கவிதை உண்மை வேற எண்டு செல்லுங்க. ஒரு பெண்ணின் ஆழ்மனத்தில..."

"உண்மை ரெண்டு இரிக்காம்," என்றாள் சாச்சி திரைக்குள்.

"என்ட ஆழ்மனசில சோதினைதான் இரிக்கி எண்டு செல்லுங்க. இவர் ஹாஜியாருக்கிட்டப் போய், சத்தியத்தை நான்தான் இட்டுக்கட்டின, அது பொய் எண்டு செல்லணும்."

சாச்சி சொல்லும்வரை அவன் பொறுக்கவில்லை. "ஒரு கவிஞன் தன்ட கவிதையைப் பொய் எண்டு செல்லுறது தற்கொலைக்குச் சமன்."

"தற்கொலை ஹறாம், வேற என்னமும் செய்வமாம்," என்று சாச்சி மொழிபெயர்த்தாள்.

"நான் அப்படிச் செல்லல்ல சாச்சி."

"கவிதைக்குள்ள என்னைக் கொல்லக்குள்ள மச்சானுக்குக் கை நடுங்கல்ல," என்றாள் றம்லா. குரல் உயர்ந்தது. இனி சாச்சி தேவைப்படவில்லை. "கவிதை செத்தாத்தான் தற்கொலையா? ஆணையிட்டவர் அவர்தானே. அப்ப அந்த ஆணையை அவரே காப்பாத்தட்டும். நான் வெளிய போறன், அவர் உள்ள வரட்டும். ஒளி தீண்டாம, நூல் தீண்டாம, கந்தோருக்கும் போகாம இந்தச் சாக்குக்குப் பின்னால இரிக்கட்டும். தலையணையை நான் வந்து அடைச்சு விடுறன்."

சாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையைக் கடித்துக்கொண்டாள். ஷரிபுதீனுக்குத் தலையில் வெயில் ஏறியிருந்தது. கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தான். "சரி. நான் ஹாஜியாருக்கிட்டப் போறன்," என்றான்.

போனான். பொய் சொன்னேன் என்று சொல்லத்தான் போனான். ஆனால் தனியாகப் போகப் பயந்து இலக்கிய வட்டத்தில் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போனான். பிழை அங்கேதான் நடந்தது. அங்கே இருந்த வாப்பா வந்து நடந்ததைச் சொன்னார்.

ஹாஜியார் நேராகக் கேட்டிருக்கிறார்: "தம்பி, இந்தச் சத்தியம் மெய்யா, பொய்யா?"

"கவிதை மெய் பொய் ரெண்டுக்கும் அப்பால் இரிக்கி, ஹாஜியார்."

"அப்பால் எண்டு ஒரு இடம் இந்தப் பகுதியில இல்ல. இஞ்சால அட்டாளைச்சேனை, அங்கால கல்முனை. மெய்யா, பொய்யா?"

ஷரிபுதீன் திரும்பிப் பார்த்திருக்கிறான். பின்னால் நாலு வாசகர்கள். ஐந்தாவதாக ஒரு வாசகரை அவன் தன் வாழ்நாளில் இன்னும் காணவில்லை.

"மெய்தான்," என்றிருக்கிறான்.

அப்போது மௌலவி இடையில் புகுந்தார். மெய் என்றால் சத்தியத்தை முறிக்கவும் மார்க்கத்தில் வழி இருக்கிறது. பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுத்தால் குற்றம் தீரும் என்றார். சாப்பாட்டைத் தானே கொடுக்கிறேன் என்று ஷரிபுதீன் முன்வந்தான். கவிதையும் பிழைத்தது, பெருந்தன்மையும் சேர்ந்தது. ஹாஜியார் மகிழ்ந்து அரிசி தன் ஆலையிலிருந்து என்றார். எல்லோரும் நபியவர்கள்மேல் ஒரு ஸலவாத்துச் சொல்லி எழுந்தார்கள்.

"அப்ப நான் சோதினைக்குப் போகலாமா?" என்று றம்லா கேட்டாள்.

"போகலாம் மகள். கார்ல, திரை போட்டு."

"பொய் எண்டு அவர் செல்லல்லியே வாப்பா. நான் சத்தியம் பண்ணினவள் எண்டும் ஆகிப்போச்சு, அதை முறிச்சவள் எண்டும் ஆகிப்போச்சு. நான் ரெண்டும் செய்யல்ல."

வாப்பா தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சாச்சிதான் சொன்னாள்: "இஞ்ச பாரு கிளி. உனக்குச் சோதினை வேணுமா, ஞாயம் வேணுமா? ரெண்டும் ஒரே நாளையில இந்த ஊரில கிடைக்காது."

றம்லாவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஒரு பொய்யை உடைத்துக்கொண்டு வெளியே வரத்தான் அவள் நினைத்தாள். பொய்க்குச் சோறு போட்டு, அது ஏப்பம் விட்ட பிறகுதான் கதவு திறந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு பகல் முழுக்க யோசித்தாள். அப்படிச் சொன்னால் அது ஒரு காவியக் கட்டமாக இருக்கும். ஷரிபுதீன் அதற்கும் ஒரு கவிதை எழுதுவான். அவள் புத்தகத்தை எடுத்துப் படிக்கத் தொடங்கினாள்.

சோறு கொடுத்தது அதே கூரையில்லாத மண்டபத்தில். மாட்டிறைச்சிக் கறி, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. சாக்கின் ஓட்டை வழியாக றம்லா பார்த்தாள். பத்துப் பேரில் ஒருத்தி ஆமினா உம்மா. வெட்டுக் காலத்தில் வயலில் கதிர் பொறுக்கி, மற்ற நாட்களில் வீடு வீடாக நெல் குத்திக் கொடுத்து வயிறு வளர்ப்பவள். அவளுடைய புருஷன் மௌத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இத்தா அவளுக்கும் உண்டு. மரைக்கார்மார் நடுவில், வேற்று ஆண்கள் நடுவில், பட்டப்பகலில் இருந்து அவள் சோறு தின்றாள். ஹாஜியாரே அவளுக்கு இன்னொரு அகப்பை கறி போட்டார். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. அவளை எந்த அறையிலும் வைக்கவில்லை. வைப்பதற்கு அவளுக்கு அறை இல்லை. அவளைப் பற்றி மலர் வரவில்லை. ஒலிபெருக்கி கட்டவில்லை. மீனாம்பிகை டீச்சரின் வரைவிலக்கணத்தில் விழ இடமில்லாதவள் இவள்தான் என்று றம்லாவுக்குப் பட்டது.

பரீட்சை மண்டபம் நடந்து போகிற தூரம்தான். இருந்தாலும் காரில் திரை போட்டுச் சுற்றிக்கொண்டு போனார்கள். தெருவில் நின்றவர்கள், சத்தியத்தை முறித்த பெண் போகிறாள் என்று மரியாதையோடு விலகி நின்றார்கள். அவளுக்கு மண்டபத்தின் மூலையில் தனி மேசை. அதைச் சுற்றி, சாச்சி கொடுத்துவிட்ட பூப்போட்ட கட்டில் விரிப்பைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் அதையே பார்த்தார்கள்.

மேற்பார்வையாளர் அழகரெத்தினம் வெளியூர்த் தமிழர். ஊர்ப் பெரியவர்கள் காலையிலேயே அவரைக் கண்டு, அந்தப் பிள்ளையை ஆண்கள் பார்க்கக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தார்கள். அவரிடம் இருந்த சுற்றுநிருபத்தில், ஒவ்வொருவர் முகத்தையும் அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அவர் திரைக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு விரிப்பை விலக்கினார். றம்லா முகத்திரையைத் தூக்கினாள். அவர் முகத்தைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"சரியம்மா. எழுதுங்க," என்றார்.

அவ்வளவுதான். நாலு மாதமும் பத்து நாளும் முடியாமல் ஓர் அந்நிய ஆண் அவளைப் பார்த்துவிட்டான். வானம் அதன் இடத்திலேயே இருந்தது.

வினாத்தாளில் அந்தக் கேள்வி வந்திருந்தது: 'காவியத் தலைவியர் கணவனோடு உயிர் நீப்பது காதலின் உச்ச நிலை என்பர். இக்கூற்றை ஆராய்க.' டீச்சர் தந்த குறிப்பு அவளுக்கு மனப்பாடம். அதை அப்படியே எழுதினால் புள்ளி நிச்சயம். முதல் பந்தியை அப்படித்தான் தொடங்கினாள். பிறகு பேனை நின்றது. வரியை வெட்டினாள். புதிதாக எழுதினாள்:

'கணவன் இறந்த பிறகும் தலைவி உயிரோடு இருந்தால், அடுத்த காண்டத்தில் அவளுக்குப் பசிக்கும். அவள் எங்கே இருப்பாள், யார் சோறு போடுவார், என்ன வேலை செய்வாள் என்றெல்லாம் புலவர் சொல்ல வேண்டி வரும். அதற்கு அரசனையும் ஊரையும் வழக்கத்தையும் கேள்வி கேட்க வேண்டி வரும். அவளைக் கொன்றுவிட்டால் அந்தச் சிரமம் இல்லை. ஆகவே இதைக் காதலின் உச்சம் என்று சொல்வதற்கு முன், இது யாருக்கு வசதி என்று பார்க்க வேண்டும்.'

எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. இறந்தவனைப் பற்றி எழுதினாள். அவன் எதனால் இறந்தான் என்று கேட்காமல் அழுகிற பாட்டுகளைப் பற்றி எழுதினாள். சோகம் கொண்டாடத் தகுதியில்லாதவர்கள் என்று காவியங்கள் ஒதுக்கிவைத்த சனங்களைப் பற்றி எழுதினாள். இது எந்தக் குறிப்பிலும் இல்லாத விடை. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து இதைத் திருத்தப்போகிறவர் தலைப்பால் கண்ணைத் துடைக்கிறவராக இருந்தால் அவள் கதி அதோகதிதான். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. தாளின் இரண்டு பக்கமும் நிரம்பிவிட்டன.

பெண் கண்காணிப்பாளர் மண்டபத்தின் மறுகோடியில் இருந்தார். கையை உயர்த்தினால் விரிப்புக்கு மேலே யாருக்கும் தெரியாது. குரல் கொடுக்கத்தான் வேண்டும். அந்த மண்டபத்தில் பாதிப்பேர் ஆண்கள்.

"சேர்," என்று றம்லா கூப்பிட்டாள், எல்லோருக்கும் கேட்கும்படியாக. "எனக்கு இன்னொரு தாள் வேணும்."